ஜேர்மனிக்குப் படிக்க அனுப்பும் முன்: வன்னிப் பெற்றோர் கேட்கவேண்டிய கேள்விகள்

கனகராயன்குளத்தில் ஏ9 வீதியோரத் தேநீர்க் கடைகளில் முன்பெல்லாம் கனடா, லண்டன் என்றுதான் கதை போகும். இப்போது டோட்முண்ட், ஸ்ருட்கார்ட், சூரிச் என்று போகிறது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் பிள்ளையை எப்படியாவது வெளியில் அனுப்பிவிடவேண்டும் என்ற எண்ணம் எல்லா வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. அதேவேளை வழமையான கதவுகள் ஒவ்வொன்றாக ஒடுங்கின. கனடா 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்தது. பிரித்தானியா அதே மாதம் முதல் பெரும்பாலான மாணவர்கள் குடும்பத்தை அழைத்து வருவதைத் தடுத்தது. அவுஸ்திரேலியா விசாக் கட்டணத்தை ஒரேயடியாக உயர்த்தியது. இந்த நிலையில்தான் முகவர்கள் ஜேர்மனியைக் கையில் எடுத்திருக்கிறார்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கண்ணில்படும் பதாகைகளில் பெரிதாக இருக்கும் சொல் ஒன்றுதான்: இலவசக் கல்வி.

உயர்தர மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவன் என்ற வகையில் இந்தப் பதாகைகளைப் பார்த்துவிட்டு வரும் பெற்றோரை நான் தொடர்ந்து சந்திக்கிறேன். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சேர், இது உண்மையா?" உண்மைதான். ஆனால் அரைவாசி உண்மை. மிச்ச அரைவாசியைத் தெரியாமல் காணியை ஈடு வைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எது இலவசம், எது இலவசமில்லை

ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் கற்கைக் கட்டணம் இல்லை. வெளிநாட்டு மாணவருக்கும் அதே நிலைதான். அரையாண்டுக்கு ஒருமுறை நிர்வாகச் செலவுக்கும் மாணவர் அமைப்புக்குமாக ஒரு தொகை கட்டவேண்டும். அது ஊருக்கு ஊர் 100 முதல் 400 யூரோ வரை மாறும். பல இடங்களில் பேருந்து, ரயில் பயணச்சீட்டும் அதற்குள் அடக்கம்.

ஆனால் இதற்கு விலக்குகள் உண்டு. ஸ்ருட்கார்ட், ஹைடெல்பேர்க் ஆகிய நகரங்கள் இருக்கும் பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் மாணவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ அறவிடுகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால அரையாண்டிலிருந்து இளமாணிக்கு 2,000 முதல் 3,000 யூரோவும், முதுமாணிக்கு 4,000 முதல் 6,000 யூரோவும் அறவிடத் தொடங்கியது. தனியார் பல்கலைக்கழகங்கள் முழுமையாகக் கட்டணம் வாங்குபவை. முகவர்கள் அதிகம் சிபாரிசு செய்வது இவற்றைத்தான். சேர்த்துவிடும் ஒவ்வொரு மாணவருக்கும் தரகுப்பணம் கிடைப்பது இங்கேதான்.

ஜேர்மன் மொழி பேசும் மற்ற இரு நாடுகளையும் சொல்லிவிடவேண்டும். ஒஸ்திரியாவின் அரச பல்கலைக்கழகங்கள் எங்களைப் போன்ற நாட்டவர்களிடம் அரையாண்டுக்கு 726 யூரோ 72 சதம் வாங்குகின்றன. சுவிற்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2025 இலையுதிர்காலத்திலிருந்து புதிதாகச் சேரும் வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டணத்தை 730 பிராங்கிலிருந்து 2,190 பிராங்காக, அதாவது மூன்று மடங்காக, உயர்த்திவிட்டது. சுவிஸில் எங்களைப் போன்ற நாட்டு மாணவர்கள் முதல் ஆறு மாதங்கள் வேலை செய்ய முடியாது. அதன் பின்னரும் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 15 மணித்தியாலம்தான். சுவிஸில் சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்பதற்காக அங்கே படிப்பது இலகு என்று நினைக்கக்கூடாது.

நாற்பது இலட்சம் எங்கே இருக்கிறது

படிப்பு இலவசமாக இருந்தாலும் வாழ்க்கைச் செலவு இலவசமில்லை. அந்தச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டாமல் விசா கிடைக்காது. இதற்காக முடக்கக் கணக்கு ஒன்றைத் திறந்து ஓராண்டுக்கான பணத்தை முன்கூட்டியே வைப்பிலிடவேண்டும். 2024 செப்டெம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. அங்கே போன பின்னர் மாதம் 992 யூரோ வீதம்தான் அதை எடுக்கலாம். ஒரு யூரோ 350 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால் 41 இலட்சத்து 66 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது. வயல் செய்தும் கூலிக்குப் போயும் வாழும் குடும்பம் ஒன்றுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பணம் செலவாகிப் போகும் கட்டணம் அல்ல, பிள்ளையின் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் திரும்ப வரும் பணம். இதை விளங்காமல் பயப்படுபவர்களும் உண்டு, இதை விளங்காமல் முகவரிடம் காசாகக் கொடுத்துவிடுபவர்களும் உண்டு. முடக்கக் கணக்கு மாணவரின் பெயரில்தான் இருக்கவேண்டும். வேறு எவருடைய கணக்குக்கும் அந்தப் பணம் போகக்கூடாது.

இரண்டாவது வழி ஒன்று உண்டு. எங்கள் சனத்துக்கு அதுதான் கூடுதலாகப் பொருந்தும். ஜேர்மனியில் சட்டபூர்வமாக வசிக்கும், போதிய வருமானம் உள்ள ஒருவர் தனது நகரத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், இந்த மாணவரின் செலவை நான் பொறுப்பேற்கிறேன் என்று கையெழுத்து வைக்கலாம். ஜேர்மன் வதிவிடச் சட்டத்தின் 66 முதல் 68 வரையான பிரிவுகளில் இது வருகிறது. இப்படியொரு பொறுப்புப் பத்திரம் இருந்தால் முடக்கக் கணக்கு இல்லாமலே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். 1980களில் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் போன தலைமுறையைச் சேர்ந்த மாமன், சித்தப்பன் எங்கள் ஊர்களில் பல வீடுகளுக்கு இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்று அங்கே நல்ல தொழில்களில் இருக்கிறார்கள்.

ஆனால் இதைக் கேட்கும் முன் ஒன்றை விளங்கிக்கொள்ளவேண்டும். அந்தக் கையெழுத்து சம்பிரதாயம் அல்ல. மாணவர் அங்கே அரச உதவிப் பணத்தில் தங்கவேண்டி வந்தால், அந்தச் செலவை ஐந்து ஆண்டுகள்வரை கையெழுத்து வைத்தவரிடம் அரசு அறவிடலாம். மருத்துவச் செலவும் அதற்குள் வரும். ஆகவே மாமா தயங்கினால் அவர் மாறிவிட்டார் என்று கோபிப்பதில் நியாயம் இல்லை. அவரிடம் எல்லாவற்றையும் திறந்து பேசி, பிள்ளை என்ன படிக்கிறது, மாதம் எவ்வளவு வேண்டும், யார் எவ்வளவு தருவார்கள் என்று எழுத்தில் கணக்குக் காட்டினால் இணங்கும் வாய்ப்பு அதிகம்.

"போய் வேலை செய்து கட்டலாம்தானே" என்ற கதையையும் பார்ப்போம். 2024 மார்ச்சிலிருந்து மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். 2026 ஜனவரி முதல் அடிப்படைச் சம்பளம் மணிக்கு 13 யூரோ 90 சதம். வாரத்துக்கு 20 மணித்தியாலம் கிடைத்தால் மாதம் சுமார் 1,200 யூரோ வரும். ஒருவர் சிக்கனமாக வாழ அது போதும். ஆனால் மொழி தெரியாதவருக்கு முதல் மாதங்களில் வேலை கிடைப்பது கடினம். மருத்துவக் காப்புறுதி கட்டாயம். மியூனிக்கில் ஒரு அறைக்கே 700, 800 யூரோ போய்விடும். கெம்னிற்ஸ், மக்டபேர்க் போன்ற கிழக்கு நகரங்களில் அதில் பாதியளவோடு சமாளிக்கலாம். எப்படிப் பார்த்தாலும் மாணவரின் உழைப்பு அவரது வயிற்றுக்குத்தான் காணும். ஊரில் வட்டிக்கு வாங்கிய கடனை அதிலிருந்து கட்டலாம் என்று கணக்குப் போட்டால், பிள்ளை வகுப்புக்குப் போகாமல் வேலைக்குப் போகும். படிப்பு முன்னேறாவிட்டால் வதிவிட அனுமதி புதுப்பிக்கப்படாது. அதன் பின் கடனும் மிஞ்சும், பட்டமும் இராது. நுண்கடனால் என்ன நடந்தது என்று பார்த்த எங்கள் கிராமங்களுக்கு இதைக் கூடுதலாக விளக்கத் தேவையில்லை.

உயர்தரத்தோடு போவதா, பட்டத்தோடு போவதா

எனது அனுபவத்தில் மிகத் தவறாக விளங்கப்பட்டிருக்கும் விடயம் இதுதான். உயர்தரப் பெறுபேற்றை வைத்துக்கொண்டு நேரே ஜேர்மன் பல்கலைக்கழகத்துக்குள் போகலாமா என்பது பாடங்களையும் பெறுபேறுகளையும் பொறுத்தது. அனாபின் என்ற ஜேர்மன் அரச தரவுத்தளத்திலும், டாட் எனப்படும் ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையின் இணையத்தளத்திலும் இலங்கைச் சான்றிதழுக்கான விதிகளைக் காசில்லாமல் பார்க்கலாம். இறுதி முடிவு பல்கலைக்கழகத்துடையது. தகுதி போதாது என்றால் ஸ்ரூடியன்கொலெக் என்ற ஆயத்தக் கல்லூரியில் ஓராண்டு படித்துப் பரீட்சையில் சித்தியடையவேண்டும். பொறியியல், மருத்துவம், பொருளியல் என்று துறைக்குத் துறை வகுப்பு வேறு. அதற்குள் நுழையவே நுழைவுப் பரீட்சை உண்டு. அதுவும் ஜேர்மன் மொழியில்.

அரச பல்கலைக்கழகங்களில் இளமாணிக் கற்கைகள் பெரும்பாலும் ஜேர்மன் மொழியிலேயே நடக்கின்றன. ஆங்கிலத்தில் இருப்பவை சொற்பம். மருத்துவம் அங்கே இடத்தட்டுப்பாடு மிகுந்த துறை. உயர்தரத்தில் மருத்துவம் கிடைக்காத பிள்ளைக்கு ஜேர்மனியில் இலகுவாகக் கிடைக்கும் என்று எவராவது சொன்னால் நம்பவேண்டாம்.

முதுமாணிக் கற்கைகளின் நிலைமை வேறு. ஆங்கிலத்தில் நடப்பவை நூற்றுக்கணக்கில் உண்டு. இலங்கையின் அரச பல்கலைக்கழகப் பட்டத்தோடு போகும் மாணவருக்கு ஆயத்தக் கல்லூரிப் பிரச்சினையும் இல்லை. ஆகவே நான் பெற்றோருக்குச் சொல்வது இதுதான்: இங்கே இடம் கிடைத்தால் அதை விட்டுவிட்டுப் போகவேண்டாம். இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் தரவரிசைக்கும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைக்கும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மூன்றும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. 1970களின் தரப்படுத்தல் யாழ்ப்பாண மாணவர்களைக் கடல் கடந்து துரத்தியது என்பது வரலாறு. ஆனால் மாவட்ட ஒதுக்கீடு வன்னிப் பிள்ளைக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது என்பதும் உண்மை. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஓகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. நான்கு ஆண்டுகள் இங்கே படித்து, அந்த நான்கு ஆண்டுகளுக்குள் ஜேர்மன் மொழியையும் படித்துவிட்டுப் போகும் பிள்ளைக்குச் செலவும் ஆபத்தும் குறைவு.

பட்டத்தோடு போக நினைப்பவர்கள் முதலாம் ஆண்டிலிருந்தே புள்ளிகளில் கவனம் வைக்கவேண்டும். ஜேர்மனியில் 1.0 தான் மிகச் சிறந்த புள்ளி, 4.0 தான் கடைசிச் சித்தி. எங்கள் புள்ளிச் சராசரியை அவர்கள் ஒரு வாய்ப்பாட்டால் மாற்றுவார்கள். எங்கள் உச்சம் 4.0, சித்தி எல்லை 2.0 என்று எடுத்தால், 3.0 எடுத்த மாணவருக்கு 2.5 என்று வரும். பல முதுமாணிக் கற்கைகள் எல்லைக் கோடு போடுவதும் 2.5 இற்குப் பக்கத்தில்தான். சித்தியடைந்தால் போதும் என்று இருந்துவிட்டு இறுதியாண்டில் யோசிப்பது பிந்திய யோசனை.

பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகள் துறைசார்ந்த வேலை செய்தவர்களுக்கு டாட் அமைப்பின் அபிவிருத்தி சார்ந்த முதுமாணிப் புலமைப்பரிசில் இருக்கிறது. மாதம் 992 யூரோ, காப்புறுதி, பயணச் செலவு எல்லாம் தருவார்கள். பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. அதில் வரும் கற்கைகள் எங்கள் மண்ணுக்குப் பொருத்தமானவை: பொன் பல்கலைக்கழகத்தில் வெப்பவலய விவசாயம், டிறெஸ்டனில் வெப்பவலய வனவியல், டோட்முண்டில் பிராந்தியத் திட்டமிடல். பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ விவசாயப் போதனாசிரியராகவோ இருக்கும் பட்டதாரிகள் எத்தனை பேர் இதற்கு விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழி தொழிற்பயிற்சி. வேலைத்தலத்தில் வேலையும் தொழிற்பாடசாலையில் படிப்புமாக ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு. 2025 இல் தொடங்கியவர்களுக்குச் சட்டம் விதித்த குறைந்தபட்ச முதலாண்டுக் கொடுப்பனவு மாதம் 682 யூரோ. தாதியர் பயிற்சியில் இதைவிடக் கூடுதல். ஆனால் ஜேர்மன் மொழியில் பெரும்பாலும் பி1 நிலை, தாதியர் பயிற்சிக்குப் பி2 நிலை வேண்டும். கிளிநொச்சியில் ஜேர்மன் உதவியோடு கட்டப்பட்டு 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் ஒரு தொழிலைப் படித்துவிட்டு இந்த வழியை யோசிக்கும் பிள்ளை வெறுங்கையோடு போகும் பிள்ளையைவிட முன்னால் நிற்கும்.

சான்றிதழ்கள் என்ற யுத்தக் கணக்கு

2008 இன் கடைசி மாதங்களில் இந்த ஊர் முழுவதும் எழும்பிக் கிழக்கே போனது. அந்த இடப்பெயர்வின் நடுவிலும், பின்னர் முகாம்களிலும் பிறந்த பிள்ளைகள்தான் இப்போது உயர்தரப் பரீட்சை எழுதும் வயதுக்கு வந்திருக்கிறார்கள். சிலருடைய பிறப்பு பிந்திப் பதியப்பட்டது. சிலரிடம் உத்தேச வயதுச் சான்றிதழ்தான் இருக்கிறது. தந்தையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் இன்னொருவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இங்கே கிராம அலுவலர் கடிதத்தோடு முடிந்துவிடும் இந்தச் சிக்கல், தூதரகத்தில் விண்ணப்பத்தையே நிறுத்திவிடும்.

ஆகவே உயர்தர வகுப்புக்குப் போகும்போதே பெயரை ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவாருங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ், கடவுச்சீட்டு நான்கும் ஒத்துப்போகவேண்டும். தொலைந்த பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து ஆங்கிலத்திலேயே பெறலாம். கடவுச்சீட்டுக்கு வவுனியாவிலேயே பிராந்திய அலுவலகம் உண்டு. தந்தை காணாமல் ஆக்கப்பட்ட குடும்பங்களுக்கு இது இன்னும் வேதனையானது. மரணச் சான்றிதழ் எடுக்க அவர்கள் மறுப்பதற்கு நியாயம் உண்டு. 2016 இல் வந்த சட்டத்திருத்தத்தின் கீழ் மரணத்தை ஒப்புக்கொள்ளாமல், காணாமல்போனமையை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்று பெறலாம். அதை எடுப்பதா இல்லையா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. ஆனால் பிள்ளையின் கோப்பில் தந்தை பற்றிய கேள்வி வரும் என்பதை முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

முகவர் இல்லாமல் முடியுமா

முடியும். பல ஜேர்மன் பல்கலைக்கழகங்கள் விண்ணப்பங்களை யூனி அசிஸ்ற் என்ற பொது நிறுவனம் ஊடாக வாங்குகின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே அரையாண்டில் மேலதிகமான ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. குளிர்கால அரையாண்டுக்குப் பொதுவான கடைசித் திகதி ஜூலை 15, கோடைக்கு ஜனவரி 15. ஆங்கில முதுமாணிக் கற்கைகள் சிலவற்றுக்கு இதற்கும் முன்னதாக முடிந்துவிடும். விசாக் கட்டணம் 75 யூரோ. முகவர்கள் இலட்சக்கணக்கில் வாங்குவது இந்தப் படிவங்களை நிரப்பவும் கடிதம் எழுதவும்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் யூரியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டு ஏபிஎஸ் சான்றிதழ் எங்கே எடுப்பது என்று கேட்கிறார்கள். அது இந்தியாவில் படித்தவர்களுக்கு 2022 நவம்பரில் கட்டாயமாக்கப்பட்டது. இலங்கைச் சான்றிதழோடு விண்ணப்பிப்பவருக்கு அது தேவையில்லை. இல்லாத ஒன்றுக்குக் காசு கொடுத்து ஏமாறவேண்டாம்.

இன்னொரு மாற்றத்தைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். முன்பு விசா மறுக்கப்பட்டால் தூதரகத்துக்கே ஒரு மறுபரிசீலனைக் கடிதம் எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் ஜேர்மனி அந்த நடைமுறையை உலகம் முழுவதும் நிறுத்திவிட்டது. இப்போது மறுக்கப்பட்டால் புதிதாக விண்ணப்பிக்கவேண்டும், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடவேண்டும். முகவர் எழுதிய பொய்க் கடிதத்துக்காக ஒரு முறை மறுக்கப்படுவது முன்பைவிட இப்போது பெரிய இழப்பு. 2025 இல் பெர்லினில் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்த இந்திய மாணவர்கள் சிலரை, அவர்களது கற்கை பெருமளவு இணையவழியில் நடப்பதால் நாட்டில் தங்கத் தேவையில்லை என்று அதிகாரிகள் வெளியேறச் சொன்ன சம்பவமும் நடந்தது. அவர்கள் கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்கள்.

"மாணவர் விசாவில் இறக்கிவிடுகிறோம், பிறகு அகதிக்குப் போடலாம்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். 1980களின் ஜேர்மனி இப்போது இல்லை. 2022 நவம்பரில் கனடா போவதாகப் புறப்பட்ட 303 இலங்கையர் நடுக்கடலில் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டதை மறந்திருக்கமாட்டோம். சட்டபூர்வமான வழியில் போன பிள்ளையையும் அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தவேண்டாம்.

ஊர்ச் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள்

எல்லா வழியிலும் தடையாக நிற்பது பணத்தைவிட மொழிதான். கொழும்பு 7 இல் கோதே நிறுவனம் இருக்கிறது. கனகராயன்குளத்துப் பிள்ளை அங்கே அறை எடுத்துத் தங்கிப் படிக்க ஆகும் செலவு, வகுப்புக் கட்டணத்தைவிடக் கூடுதல். இணையவழி வகுப்புகள் வந்திருக்கின்றன. ஆனால் சமிக்ஞை ஒழுங்காகக் கிடைக்காத உட்கிராமங்களில் அது எல்லோருக்கும் உதவாது.

ஜேர்மனியிலும் சுவிஸிலும் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கங்கள் பாடசாலைக்கும் கோவிலுக்கும் நிறையச் செய்திருக்கின்றன. இனி ஒரு மொழி ஆசிரியரின் சம்பளத்தை மூன்று ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்க முடியுமா? புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் மூன்று ஊர்ப் பிள்ளைகளும் பேருந்தில் வந்துபோகக்கூடிய ஓரிடத்தில் சனி, ஞாயிறு வகுப்பு. அங்கே பிறந்து வளர்ந்த இளையவர்கள் வாரத்தில் ஒரு மணித்தியாலம் இணையத்தில் பேசிப் பழக்கினால் அது ஆயிரம் யூரோ அனுப்புவதற்குச் சமம்.

வவுனியா வடக்கு ஏற்கெனவே காணி பற்றிய கவலைகள் நிறைந்த பிரதேசம். பிள்ளையின் படிப்புக்காகக் காணியை விற்கும் குடும்பம் இரண்டையும் ஒரே நேரத்தில் பணயம் வைக்கிறது. விசா மறுக்கப்பட்டால் மீண்டும் விண்ணப்பிக்கலாம். விற்ற காணியைத் திரும்ப வாங்குவது நடக்காத காரியம். ஆகவே அவசரப்படவேண்டாம். பிள்ளை பதினொராம் ஆண்டில் இருந்தால் பெயரைத் திருத்துங்கள். உயர்தரத்தில் இருந்தால் மொழியைத் தொடங்குங்கள். பல்கலைக்கழகத்தில் இருந்தால் புள்ளிச் சராசரியைப் பாருங்கள். முகவரின் அலுவலகத்துக்குப் போகும் முன் பிள்ளையின் ஆசிரியரிடமோ, அங்கே படித்துக்கொண்டிருக்கும் ஊர்ப் பிள்ளை ஒன்றிடமோ ஒரு முறை கேளுங்கள். அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.